பக்கத்துக் கட்டங்கள்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரரின் இடது கையில் உடையாத விரல்கள் மூன்றுதான் மிச்சம்.

கை, மேஜையோடு சேர்த்து முடுக்கிய இரும்பு வைஸுக்குள் இருந்தது. குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு அறுப்பதற்காக வைத்திருக்கும் சாமான் அது. ஒருவன் அதன் கைப்பிடியைக் கால் சுற்று திருகுவான். ஒரு கேள்வி கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் இன்னொரு கால் சுற்று. நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். எத்தனையோ அடிதடி பார்த்திருக்கிறேன், சிலவற்றில் வாங்கியும் இருக்கிறேன். ஆனால் எலும்பு முறிகிற சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டதில்லை.

"நிறுத்துங்க," என்றார் சர்வேயர்.

சர்வேயர் என் முதலாளியம்மா. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் உதவியாளன். அதாவது, அடி விழுகிற இடங்களில் முன்னால் நிற்பவன்.

டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்தான். ஊரில் எங்கே விபத்து நடந்தாலும் காரை இழுத்து வருகிற ரெக்கவரி வண்டிகள் ஏழும் அவனுடையவை. ஊர் அவனுக்கு வைத்த பெயர் கொக்கி. உடைந்த கார்களைக் குவித்து வைத்திருந்த அந்த யார்டும், அதற்கு மேல் மாடியில் இருந்த வீடும் அவன் குடும்பத்துடையவை. நசுங்கிய கார்களுக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, முகத்திலும் நாலைந்து நெளிசல்கள் இருந்தன.

"யாரும்மா நீ?"

"இவரோட சம்சாரம் அனுப்பினாங்க. ஆஸ்பத்திரில நர்ஸு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, பாக்கலாம்னு சொல்லிட்டாங்களாம்."

"பாப்பாங்க. நிதானமா பாப்பாங்க."

"அண்ணே, நீங்க போற வேகத்துக்கு அவங்க வர்றதுக்குள்ள கால் விரலுக்கு எறங்கிடுவீங்க போலிருக்கே," என்றேன்.

பக்கவாட்டிலிருந்து ஒரு குத்து வந்தது. காது கேட்பதை நிறுத்திவிட்டு மணியடிக்க ஆரம்பித்தது. நான் ஒரு பம்பரின் மேல் விழுந்து எழுந்தேன்.

"கண்டக்டர், கொஞ்ச நேரம் வாய மூடுங்க," என்றார் சர்வேயர். பிறகு கொக்கியிடம், "உங்க தம்பி எப்படிச் செத்தாருன்னு உங்க வாயால சொல்லுங்க," என்றார்.

அவன் சொன்னான். திங்கட்கிழமை காலை தம்பி தன் காரில் மேட்டு ரோட்டில் ஏறியிருக்கிறான். பாதி மேட்டில் இன்ஜின் வெடித்து, எண்ணெய் முன் டயர்களில் கொட்டி, சக்கரம் பூட்டிக்கொண்டது. எதிரே சிமெண்ட் லாரி. "நான்தான் என் வண்டிய எடுத்துட்டுப் போனேன். என் தம்பிய நானே கொக்கி போட்டு இழுத்தேன். தலைய அப்புறம்தான் தேடி எடுத்தோம்," என்றபோது அவன் குரல் ஒரு நொடி தடுக்கியது. கொக்கியின் மேல் எனக்கு இரக்கம் வந்தது அந்த ஒரு நொடிதான்.

காரின் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கழற்றி அவனுடைய எலக்ட்ரீஷியன் படித்துப் பார்த்திருக்கிறான். உள்ளே இருந்த எண்களை யாரோ மாற்றியிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாஸ்டர் வகுப்பு நடத்துகிறார். இறந்தவனின் மனைவிக்கு அண்ணன்தான் அவர். மச்சான் கார் என்ற உரிமையில் அந்தக் காரை வகுப்பில் பழகக் கொடுப்பார்கள். போன ஞாயிறு அதில் பழகிய ஒரே ஆள் ஆம்புலன்ஸ்காரர்.

"ஞாயித்துக்கிழமை இவன் தொட்டான். திங்கக்கிழமை என் தம்பி போயிட்டான். போதாதா?"

"பகை?"

"இருக்கு. போன மாசம் ஒரு ஆக்சிடென்ட்ல, ஆள எறக்குறதுக்கு முன்னாடி என் தம்பி காரை இழுக்கப் பாத்தானாம். இவன் அத்தனை பேர் முன்னாடி அவன அறைஞ்சான்."

"அறைஞ்சேன்," என்றார் ஆம்புலன்ஸ்காரர். முகமெல்லாம் வியர்வை. "உள்ள ஒரு பொம்பள உயிரோட இருந்தாங்க சார். அதுக்கு அறைஞ்சேன். கொலை பண்ணல. என் ஆம்புலன்ஸ் மேட்டுல திணறுது, நாமளே சரி பண்ணிக்கலாமேன்னுதான் கிளாஸுக்குப் போனேன். ஒரே ஒரு நம்பரை மாத்தினேன், திருப்பி பழைய நம்பரையே போட்டேன். மேடம், சத்தியமா."

சர்வேயர் யார்டின் மூலையில் கிடந்த காரிடம் போனார். இன்ஜின் பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் வெளிப்பக்கமாக மலர்ந்திருந்தது. உள்ளேயிருந்து வெளியே குத்தியிருக்கிறது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனின் லேப்டாப் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். எனக்கு அது சுடோகு மாதிரி தெரிந்தது.

"எனக்கு ஒடைஞ்ச இரும்பு படிக்கத் தெரியும். இந்த நம்பர் படிக்கத் தெரியாது. போய் படிச்சுட்டு வரேன்."

"அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிலேருந்து என் தம்பி உடம்பு வருது," என்றான் கொக்கி. "அவன் வந்து எறங்குறப்ப இவன் கையில்லாம நிக்கணும். அதுக்கப்புறம் உயிரோட நிக்கணுமான்னு யோசிப்பேன். அதுக்குள்ள வேற பேரோட வந்தா வா."

"அதுவரைக்கும் திருகக்கூடாது."

"சரி."

அவன் சரி என்ற விதமே சரியில்லை. மணி இரண்டரை.

வெளியே வரும்போது, மாடிக்குப் போகிற படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையையும் தாடையையும் சேர்த்து ஒரு துணியால் கட்டியிருந்தாள். கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதன் அலறிக்கொண்டிருந்தும் அவள் கண் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி பொண்டாட்டி," என்றான் எங்களைக் கேட் வரை தள்ளிக்கொண்டு வந்த தடியன்.

"தாடைல என்ன?"

"இந்தப் படில உருண்டுட்டாங்க. மூணு வாரம் ஆச்சு."

*

மாஸ்டரின் வொர்க்‌ஷாப்பில் தரையை நக்கிச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். தரையில் பதித்த இரண்டு உருளைகளின் மேல் ஒரு கார், நான்கு பக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டி நின்றது. அந்த உருளைகளின் மேல் கார் நின்ற இடத்திலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓரத்தில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைப் பலகை, அதில் ஐந்து வாரப் பாடத் திட்டம். முடிந்த வாரங்களுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் போட்டிருந்தது. சர்வேயர் அந்தப் பலகையை ஆற அமரப் படித்தார். பதினெட்டு வருஷம் பாலிசியின் பொடி எழுத்தையே படித்தவருக்கு அது ஒரு வியாதி.

மாஸ்டருக்கு நாற்பது வயது. பேச்சு மெதுவாக இருந்தது. கண்ணில் தூக்கம் இல்லை.

"அது புதுசா கத்துக்கிறவன் பண்ற தப்பு மேடம்," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "கொலை எல்லாம் இல்லை. பெரிய மச்சான்கிட்டயும் போன்ல அதைத்தான் சொன்னேன்."

"எனக்குக் கத்துக் குடுங்க. ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க."

"இவங்களுக்கு வெச்சுக்கவே வேண்டாம், நெசமாவே தெரியாது," என்று நான் சொல்லி, அது என்னைப் பற்றியும் உண்மை என்பதால் உட்கார்ந்துகொண்டேன்.

மாஸ்டர் லேப்டாப்பைத் திறந்தார். பாடம் ஆரம்பித்ததும் ஆள் மாறிவிட்டார். கூன் போய் முதுகு நிமிர்ந்தது.

"இன்ஜின் கம்ப்யூட்டரை எல்லாரும் மூளைம்பாங்க. மூளையெல்லாம் இல்லை. அது ஒரு வாய்ப்பாடு. மேலேருந்து கீழ, இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துது. இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம், எவ்வளவு பாரம் இழுக்குது. ரெண்டும் சந்திக்கிற கட்டத்துல ஒரு நம்பர். ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு அந்த நம்பர் சொல்லும். பெட்ரோல் எவ்வளவுன்னு சொல்ல இன்னொரு வாய்ப்பாடு. இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை இதைப் பாத்துப் பாத்து ஓடுது."

"ஸ்பார்க் முன்னாடியே அடிச்சா?"

"கொஞ்சம் முன்னாடின்னா இழுவை கூடும். அதுக்குத்தான் எல்லாரும் ட்யூனிங் பண்றாங்க. ரொம்ப முன்னாடின்னா, பிஸ்டன் மேல ஏறி வர்றப்பவே அது தலையில வெடி விழும். அதான் நாக்கிங். சுத்தியல் அடி. புது காருல அந்தச் சத்தத்தைக் கேட்டு அடக்க சென்சார் இருக்கும். மச்சான் காரு பழசு, அதுல இல்லை. பெட்ரோலையும் குறைச்சுட்டா சூடு வேற ஏறும். மேட்டுல ஒரு நிமிஷம் முழுசா மிதிச்சாப் போதும்."

"அப்ப கொன்னவன், மேடு ஏறுறப்ப இன்ஜின் பாக்குற அந்த மேட்டுக் கட்டத்தை மட்டும் மாத்தினாப் போதும். சமதரைல வண்டி நல்லா ஓடும்."

"கொன்னவன் இல்லை மேடம். தப்புப் பண்ணவன்."

"பழக்கதோஷம். நான் ஒரு கட்டத்தை மாத்திப் பாக்கலாமா?"

"முதல்ல பழைய ஃபைலை எடுத்துப் பத்திரமா வைங்க. அதான் முதல் விதி. ரெண்டாவது, ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

சர்வேயர் ஒரு விரலால் பதினெட்டு இருந்த இடத்தில் இருபத்தெட்டு என்று அடித்தார். மாஸ்டர் ஒரு பொத்தானை அமுக்கினார். எண்கள் எல்லாம் மேடு பள்ளமான ஒரு படமாக மாறின. நடுவில் சர்வேயர் அடித்த எண் மட்டும் பலகையில் துருத்திய ஆணி மாதிரி நின்றது.

"ஐயோ, இப்படி விடக்கூடாது," என்று மாஸ்டரின் கை தானாக முன்னால் வந்தது. பக்கத்தில் இருபத்துமூன்று, அதற்கு மேலே இருபத்துமூன்று, மூலைகளில் இருபது. சுற்றியிருந்த எட்டுக் கட்டங்களும் ஏறின. ஆணி போய் அந்த இடம் வழவழப்பான மேடானது. "இன்ஜின் ஒரு கட்டத்துல நிக்காது. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு நழுவிக்கிட்டே இருக்கும். திடீர்னு செங்குத்தா இருந்தா உதறும். அக்கம்பக்கத்தைச் சரிவாக்கணும்."

"அழகா இருக்கு," என்றார் சர்வேயர். உண்மையாகவே சொன்னார்.

பிறகு, "கார் உங்ககிட்டேருந்து எப்ப போச்சு?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை காலைல. மச்சான் வந்து எடுத்துட்டுப் போனாரு."

"ஞாயிறு முழுக்க இங்கதான்."

"ஆமா."

"உங்க தங்கச்சியைப் பாத்தேன். தாடைக்கு என்ன?"

மாஸ்டர் லேப்டாப்பை மூடினார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

நான் வாயைத் திறந்தேன். சர்வேயரின் செருப்பு என் கால் கட்டை விரலின் மேல் ஏறி நின்றது. நான் வாயை மூடினேன். ஒரே தாடை படியிலும் பாத்ரூமிலும் விழுந்து உடைந்திருக்க முடியாது என்பது கண்டக்டருக்கே தெரியும்.

"மாஸ்டர், அங்க அந்த ஆளுக்கு ரெண்டு விரல் போச்சு."

"ரெண்டா?" அவர் முகம் வெளுத்தது. "மிரட்டிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். தெரியாம செஞ்சதுன்னு நான்தான் சொன்னேனே."

"நேர்ல வந்து சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் அவர் கேப்பாரு."

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். வழியெல்லாம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

நாங்கள் யார்டுக்குத் திரும்பியபோது மணி நாலே முக்கால். மூன்றாவது விரலும் போயிருந்தது.

"திருகக்கூடாதுன்னு சொன்னேன்ல," என்றார் சர்வேயர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீ போனதுலேருந்து சும்மா அழுதுக்கிட்டே இருந்தான். எரிச்சலா வந்துச்சு," என்றான் கொக்கி. அவன் கையில் இப்போது சக்கரம் கழற்றும் நீளமான ஸ்பேனர் ஒன்று இருந்தது. "பேரு?"

"முதல்ல வைஸைத் தளர்த்துங்க. இவரோட வலது கை எனக்கு வேணும்."

கொக்கி தலையசைத்தான். தளர்த்தியதும் ரத்தம் திரும்பப் பாய்ந்த வலியில் ஆம்புலன்ஸ்காரர் கத்திய கத்தலில், கொக்கியின் நாலு ரவுடிகளில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் என் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினேன். கையா, துணி மூட்டையா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன்.

சர்வேயர் எலக்ட்ரீஷியனின் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தார். "உங்களுக்குக் கத்துக் குடுத்த மாதிரியே, மேட்டுக் கட்டத்துல பத்து ஏத்துங்க."

ஆட்காட்டி விரல் ஒவ்வொன்றாக இரண்டு எண்களை அடித்தது. பதினெட்டு இருபத்தெட்டானது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்க, மேடம்."

சர்வேயர் பொத்தானை அமுக்கினார். ஆணி வந்தது.

"நடிக்கிறான்," என்றான் கொக்கி.

"இருக்கட்டும். மாஸ்டர், இது புதுசா கத்துக்கிறவன் பண்ற தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணனுக்குப் புரியுற மாதிரி, அந்தத் தப்பை அப்படியே நீங்க போட்டுக் காட்டுங்க. ஒண்ணும் தெரியாதவன் போடுற மாதிரி."

மாஸ்டர் முன்னால் வந்து குனிந்தார். "பாருங்க மச்சான், பையன் ஆர்வக் கோளாறுல இங்க முப்பத்திரண்டு போடுறான்." அடித்தார். "இழுவை கூடும்னு நெனைக்கிறான். வேணும்னு செய்யல. எல்லாரும் ஆரம்பத்துல செய்யறதுதான். எனக்கும் நடந்திருக்கு." பேசிக்கொண்டே இருந்தார். கெஞ்சுகிற பேச்சு. அவர் கண் கொக்கியின் ஸ்பேனரில் இருந்தது. விரல்கள் மட்டும் லேப்டாப்பில் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருபத்தைந்து. மேலே இருபத்தைந்து. மூலையில் இருபத்திரண்டு. அடுத்த மூலையில் இருபத்திரண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டரைக் கெடுத்தது வாய் இல்லை, விரல்.

"போதும்," என்றார் சர்வேயர். "தப்பாத்தானே போடச் சொன்னேன் மாஸ்டர்?"

மாஸ்டர் திரையைப் பார்த்தார். பிறகு தன் விரல்களை. யாரோ பக்கத்து ஆளுடைய விரல்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சர்வேயர் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, மாஸ்டர் இப்போது போட்டது. மற்றது, செத்தவனின் காரிலிருந்து எடுத்தது. இரண்டிலும் மேட்டுக் கட்டத்தைச் சுற்றி அதே வழவழப்பான மேடு.

"அண்ணே, ஒண்ணும் தெரியாதவன் ஆணி அடிச்ச மாதிரி ஒரு கட்டத்தைத் தூக்கிட்டுப் போயிடுவான். ஆம்புலன்ஸ்காரரு முதல்ல போட்டாரே, அந்த மாதிரி. உங்க தம்பி காருல ஆணி இல்லை. அக்கம்பக்கமெல்லாம் பதமா ஏத்தியிருக்கு. வண்டி உதறி, உங்க தம்பி சந்தேகப்பட்டு நிறுத்திடாம, கடைசி வரைக்கும் சுகமா ஓடியிருக்கு. பக்கத்துக் கட்டத்தை எப்படிச் சரிவாக்குறதுன்னு நாலாவது வாரப் பாடம். போர்டுல எழுதியிருக்கு, இன்னும் டிக் போடலை. அது அடுத்த ஞாயிறு. கிளாஸுல ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயிறு ராத்திரி கார் இருந்த இடத்துல அது தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்."

"தொட்டில் பழக்கம்," என்று ஆரம்பித்தேன். மீதியைச் சொல்லப் பிடிக்கவில்லை.

கொக்கி மெதுவாகத் திரும்பினான். "மச்சான்?"

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். பாடம் நடத்தும்போது நின்றாரே, அதே மாதிரி.

"நான்தான். வழியில நின்னுடும்னு நெனச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். சாகட்டும்னுதான் போட்டேன். என் தங்கச்சி வாயில கம்பி கட்டியிருக்கு. மூணு வாரமா ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சித்தான் சாப்பாடு. அதுக்கு முன்னாடி விலா எலும்பு. அதுக்கு முன்னாடி வயித்துல இருந்த குழந்தை." ஆம்புலன்ஸ்காரரின் பக்கம் திரும்பினார். "உங்களை இதுல மாட்டிவிட நெனைக்கல. கத்துக்கிற இடத்துல நடந்த தப்புன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். மச்சான் போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. என்னை மன்னிக்காதீங்க."

"தாடையா?" என்றான் கொக்கி. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு அடி. அதுக்கா என் தம்பியைக் கொன்னே?"

ஸ்பேனர் வீசிய வேகத்தில் காற்று கிழிந்தது. முதல் அடி மாஸ்டரின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி தலையின் பக்கவாட்டில். அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார், கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. மூன்றாவது அடிக்கு நடுவில் நான் போய் விழுந்தேன். வீரமெல்லாம் இல்லை, கால் தடுக்கிவிட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழுத்துக்குக் கீழே ஓர் எலும்பு படக்கென்றது. கொக்கியின் முழங்காலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். அவன் என் முதுகில் குத்தினான், விலாவில் உதைத்தான், பல் ஒன்று நாக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. சர்வேயர் தரையில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து, ஓடிவந்த தடியனின் முழங்கால் சில்லில் ஒரு போடு போட்டார். அவன் குழந்தை மாதிரி அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்தவன் பின்வாங்கினான்.

அப்போது சைரன் கேட்டது.

ஒரு சைரன் இல்லை. கேட் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஆம்புலன்ஸ்கள் உள்ளே வந்தன. முதல் வண்டியில் கொக்கியின் தம்பி வெள்ளைத் துணிக்குள் இருந்தான். அந்த வண்டியிலிருந்து குதித்து இறங்கியவர் ஆம்புலன்ஸ்காரரின் மனைவி, அந்த நர்ஸ். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. புருஷனோடு வேலை செய்கிற ஒவ்வொரு டிரைவரையும் ஷிப்டிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வரிசையாக நின்றார்கள். கொக்கியின் கையிலிருந்த ஸ்பேனர் மெல்லத் தாழ்ந்தது. அவன் கண் தம்பியின் மேல் போய் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

நர்ஸ் புருஷனின் கையைப் பிரித்துப் பார்த்து உதட்டைக் கடித்தார். "வா, போலாம்."

"ஒரு நிமிஷம் இரு." ஆம்புலன்ஸ்காரர் முட்டி போட்டு மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடையாத வலது கையால், மாஸ்டரின் தலையில் ரத்தம் கொப்பளித்த இடத்தை அழுத்திப் பிடித்தார். "கண்ணைத் தொறந்து வைங்க மாஸ்டர். பேசாதீங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் அதை அன்பாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. வேலையாகச் செய்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

தம்பியை இறக்கி வைத்த ஸ்ட்ரெச்சரிலேயே மாஸ்டரை ஏற்றினார்கள். கைக்கு எட்டியது அதுதான். சர்வேயர் போனை எடுத்து, இந்த முறை ஸ்டேஷனுக்கு இல்லை, அதற்கு மேலே இருக்கிறவருக்கு, கொலைக்கும் விரல்களுக்கும் சேர்த்து ஆள் அனுப்பச் சொன்னார்.

அந்தப் பெண் படியிலிருந்து இறங்கி வந்தாள். புருஷனின் உடம்பைத் தாண்டி நடந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணனின் தொங்கிய கையை எடுத்து ஸ்ட்ரெச்சரின் மேல் வைத்தாள். பிறகு சர்வேயரிடம் வந்தாள். பற்களைக் கம்பி பூட்டியிருந்ததால் வாய் திறக்கவில்லை. வார்த்தைகள் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வந்தன. ஆனாலும் ஒவ்வொன்றும் கேட்டது.

"கெட்டிக்காரங்க நீங்க. ரெண்டு மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டீங்க."

"இல்லாட்டி அந்த டிரைவரை ஒண்ணுமில்லாம ஆக்கியிருப்பாங்கம்மா," என்றார் சர்வேயர்.

"தெரியும். அவர் பாவம்." அவள் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "ஒம்பது வருஷம் அவன் என்னை அடிச்சான். சத்தம் தெரு முழுக்கக் கேக்கும். யார் அடிச்சதுன்னு கண்டுபிடிக்க ஒருத்தர் வரலையே."

ஆம்புலன்ஸில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள்.

சர்வேயர் ஜாக்கிக் கம்பியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். என்ன சொன்னாலும் அவரைச் சிரிக்க வைத்துவிடுகிறவன் நான். வாயில் ரத்தத்தோடு யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"கண்டக்டர்," என்றார் கம்பியைக் கீழே போட்டுவிட்டு.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. வாங்க, உங்க எலும்பைக் காட்டிட்டு வருவோம்."